பெட்டிக்குள் ஒரு மிட்டாய்

மார்ச் 4
கரிக்குருவி இன்றும் சிரிக்கவில்லை. நான் பெருக்கித் துடைக்கிற ஆய்வுக்கூடத்தில் கரியோடு மாரடிக்கிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது. மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கரிப்பொட்டு. தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்களாம். அவற்றின் மேல் ஏதோ மூலக்கூறை ஒட்டியிருக்கிறாள். ஊதா வெளிச்சம் பட்டால் அது மடங்கிக்கொள்ளுமாம், சுவிட்சு போட்ட மாதிரி. மடங்கினது நூறு நாள் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டிக்குள் மூடி வைத்திருக்கிறாள். இன்னும் பன்னிரண்டு நாள். இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பெரியவர் அனுப்பிவிடுவார். ஏழு வருஷ உழைப்பு.

"உள்ள என்னடி, கொழந்தையா தூங்குது?" என்றேன்.

"எழுப்பிடாதீங்கக்கா" என்றாள்.

மார்ச் 7
மேசைகளில் மிட்டாய் ஒளித்துவைப்பது நான்தான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இன்று அவள் பெட்டிக்குள் ஓர் ஆரஞ்சு மிட்டாய் வைத்தேன். நூறாம் நாள் திறக்கும்போதாவது சிரிக்கட்டும். உள்ளே கண்ணாடித் துண்டுகளில் தீற்றின கரி. எதையும் தொடவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஆசைதீரப் பார்த்தேன். வெளிச்சம் பட்டு இனிமேலா கறுக்கப்போகிறது?

மார்ச் 9
பெட்டி இருக்கிற அறையில் சிவப்பு விளக்கு எதற்கு என்று அவளிடம் சும்மா கேட்டேன். பெட்டியைத் திறக்கும்போது அது மட்டும்தான் எரியவேண்டுமாம். வெள்ளை வெளிச்சம் ஒரு நிமிஷம் பட்டாலும் மடங்கினது நிமிர்ந்துவிடுமாம்.

எவ்வளவு நேரம் திறந்துவைத்திருந்தேன்? மிட்டாய்க்கு இடம் தேடி, வேடிக்கை பார்த்து — ஐயோ.

சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10
வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "வாயத் தொறந்தேன்னா நம்ம பொழப்பு போயிடும். தானா கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். வாயாடி, வாயாடி என்பார்களே என்னை. எங்கே போயிற்று அந்த வாய்?

மார்ச் 13
சொல்லத்தான் போனேன். தலை குருவிக்கூடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 14
சொல்லவில்லை.

மார்ச் 15
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் நின்றேன். மிட்டாயை எடுத்துவிட்டால் தடயமே இல்லை. கை போகவில்லை. நான் சொல்லாததை அதுவாவது சொல்லட்டும்.

மார்ச் 16
நூறு. கதவுக்கு வெளியே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நிமிர்ந்துவிட்டது. யாராவது பெட்டியைத் திறந்தார்களா என்று பெரியவர் இரண்டு தடவை கேட்டார். அவள் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"யாரும் தொறக்கல சார். என் மூலக்கூறுதான் தாங்கல."

என்னைத் தாண்டித்தான் போனாள். ஈரத்தில் வழுக்காமல் பார்த்துப் போனாள்.

மார்ச் 31
அவள் போய் இரண்டு நாள் ஆகிறது. அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் போட்டேன். மேசை, சுவர், பெட்டி, எல்லாம் துடைத்தாயிற்று.

கழிவுத் தொட்டியைத் தூக்க, எப்போதாவது போடுகிற என் தடிக் கையுறையை மாட்டும்போது விரலில் ஏதோ நெருடியது. ஆரஞ்சு மிட்டாய். தாளின் மேல் ஒரு கரிவிரல் பதிந்திருக்கிறது.

அதை மட்டும் துடைக்கவில்லை.