ஒரே படத்தில் மட்டும் தெரிந்த புள்ளிகள்

முடிச்சூர், மேற்கு தாம்பரம்
2025 மார்ச் 3

ஜாஸ்மின்,

என் பெயரை அழித்தது நீதான்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் கும்பிடும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சலில் முழுக் கடிதம்.

ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் படித்தேன். நான்கு பெயர்கள். முதலில் தட்சிணாமூர்த்தி சார், இரண்டாவது நீ. மற்ற இருவரை நான் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததே இல்லை. நான் கடைசிப் பக்கத்தில் இருக்கிறேன்: 'படங்களைச் சுத்தம் செய்ய உதவிய செல்வி தீபலட்சுமிக்கு நன்றி.'

நடந்ததைச் சொல்கிறேன், மறந்திருப்பாய். சாரின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சூரியப் படங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். விண்வெளித் தொலைநோக்கி சில நொடிகளுக்கு ஒருமுறை சூரியனைப் படம் எடுக்கிறது. விண்வெளித் துகள்கள் கேமராவில் மோதினால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அதை நீக்க நீ எழுதிய புரோகிராமைத்தான் சார் வாங்கிப் போட்டார். நீ அதை எழுதியது தூரத்து கேலக்ஸிகளுக்காக. கேலக்ஸி பத்து நொடியில் மாறாது. ஒரே படத்தில் மட்டும் தெரியும் புள்ளி அங்கே பொய்தான். சூரியன் அப்படியா?

தள்ளிய புள்ளிகளையெல்லாம் உன் புரோகிராம் ஒரு கோப்பில் போட்டு வைத்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். என் அம்மா மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் என்பது உனக்குத் தெரியும். வண்டியில் கொட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கிளறிப் பார்ப்பாள். எனக்கும் அதே பழக்கம். துகள் மோதிய புள்ளி என்றால் மொட்டைமாடியில் மழை விழுவதுபோல எல்லா இடத்திலும் விழுந்திருக்க வேண்டும். இவை சூரியனின் கரும்புள்ளிகளைச் சுற்றியே மொய்த்திருந்தன. அப்படியென்றால் அவை சூரியனில் நிஜமாகவே எரிந்து அணைந்த சின்னச் சுடர்கள். நாற்பத்தோரு நாள் சரிபார்த்தேன். உன் புரோகிராம் என்பதால், போன ஆகஸ்ட் 14 அன்று முதலில் உனக்குத்தான் மின்னஞ்சலில் அனுப்பினேன். உங்கள் கட்டுரை முழுக்க அதுதான்.

பதில் எழுது.

தீபலட்சுமி

---

ஜெர்மனி
2025 மார்ச் 19

அன்புள்ள தீபா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கல்லூரி கேன்டீனில் ஒரு சமோசாவை இரண்டாகப் பிய்த்துத் தின்றவர்கள் நாம். அந்த நீயா இப்படி எழுதுகிறாய் என்று அழுகை வந்தது.

நன்றி வரியில் உன் பெயர் வரவேண்டும் என்று சாரிடம் கேட்டதே நான்தான். ஒப்பந்த உதவியாளர்களைக் கட்டுரையாளர்களாகச் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை. உன்னைக் குறிவைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. நான் என்ன செய்ய முடியும், சொல்?

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. என் கேலக்ஸி வேலை நன்றாகப் போகிறது. ஆயிரத்து இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் புறப்பட்ட ஒளி, தொலைநோக்கியில் ஒரு சிவப்புக் கறையாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் சண்டையெல்லாம் எவ்வளவு சின்னது என்று தோன்றும்.

அம்மா உன்னை விசாரித்தார்கள். சிட்லபாக்கம் பக்கம் போனால் வீட்டுக்கு ஒரு எட்டு போய்வா. அவர்கள் போனில் வீடியோ கால் வரவில்லையாம், பார்த்துக்கொடு. உனக்காக என் பழைய சுடிதார்களை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜெபத்தில் உன்னை நினைக்கிறேன்.

உன்
ஜாஸ்மின்

---

முடிச்சூர்
2025 ஏப்ரல் 6

ஜாஸ்மின்,

உன் அம்மாவின் போனைச் சரிசெய்துவிட்டேன். சுடிதார் வேண்டாம் என்றேன். ஜெயசீலி ஆன்ட்டிக்கு முகம் வாடிவிட்டது. “நம்ம ஜாஸ்மின் சூரியன்ல புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காளாம்மா. போன வாரம் சர்ச்ல அனவுன்ஸ் பண்ணாங்க. உன்கிட்ட சொன்னாளா?” என்றார். சொன்னாள் என்றேன். காபி கொடுத்தார், குடித்தேன்.

சாரையும் போய்ப் பார்த்தேன்.

“திருத்தம் போட்டு என் பேரைச் சேக்கலாமே சார்?”

“நீ கிளீனிங்குக்கு வந்த பொண்ணும்மா. அதுக்குத்தான் ஆறு மாசம் கான்ட்ராக்ட் போட்டோம்.”

“அந்தக் கோப்பைத் தொறந்தது யாரு சார்?”

“உங்க ஆளுங்களுக்கு ஒரு வேலை குடுத்தா போதும், அடுத்து பேரும் கேக்கறீங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடிக்கவில்லை.

இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கார் கதவுகளுக்கு பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். நான் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பெயின்டில் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தள்ளிவிட வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியல் என்று சொன்னதும், 'அப்ப கண்ணு நல்லா இருக்குமே' என்று எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா கேட்கிறாள்: “இன்னாடி, சூரியன்ல வேல முடிஞ்சிபோச்சா? அங்கயும் கான்ட்ராக்டுதானா?”

ஒரு ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு நேர்காணல், ஜூன் 27. வயது வரம்பு இருபத்தெட்டு. எனக்கு இதுதான் கடைசி வருடம். பெயர் போட்ட கட்டுரை இல்லையென்றால், செய்த ஆய்வுக்கு எழுத்தில் சான்று கேட்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்த அன்றே என் ஆய்வுக்கூட மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். படங்கள், கணக்கு எல்லாம் அதோடு போயிற்று. ஆகஸ்ட் 14 கடிதம் இப்போது உன் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

அதை எனக்கு அப்படியே அனுப்பு. நீ ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். ஆயிரத்து இருநூறு கோடி வருடத்துப் பழைய வெளிச்சத்தைத் தேடி எடுக்கிறவளுக்குப் போன வருடத்துக் கடிதம் கிடைக்காதா?

தீபலட்சுமி

---

2025 மே 9

தீபா,

இதையெல்லாம் எழுத்தில் வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அழைக்கிறேன்.

ஜாஸ்மின்

---

முடிச்சூர்
2025 ஜூன் 30

ஜாஸ்மின்,

நீ போனில் பேசியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

“மெயில் இருக்கா இல்லையாடி?”

“இருக்கு.”

“அப்ப அனுப்பு.”

“உன் மெயில்ல இருந்ததை சாருக்கு எழுதினேன். அவரு என்னைக் கேட்டாரு தீபா, இதை யாரு பாத்ததுன்னு. நான் ஒண்ணும் சொல்லலை. அவரு நான்தான்னு எடுத்துக்கிட்டாரு. மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இங்க என் புரொஃபசர்கிட்ட சொல்லிட்டாரு. அதை வச்சுத்தான் எனக்கு ஸ்காலர்ஷிப்பை நீட்டிச்சாங்க. தப்பு பண்ணது என் புரோகிராம். நானே கண்டுபிடிச்சேன்னா பாராட்டறாங்க. நீ கண்டுபிடிச்சேன்னா, நான் யாருடி இங்க? டிசம்பர்ல தீசிஸ் குடுத்துடறேன். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“டிசம்பர்ல எனக்கு வயசு போயிடும்.”

நீ அழுதாய். நான் வைத்துவிட்டேன். அதற்குப்பின் மூன்று முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

நேர்காணலுக்குப் போனேன். ஐந்து பேர். நடுவில் இருந்த அம்மா ஒரு தாளை என் பக்கம் தள்ளி, “இந்தப் பேப்பர் படிச்சிருக்கீங்களா? இதுல உள்ள முக்கியமான ஐடியாவைச் சொல்லுங்க” என்றார். உங்கள் கட்டுரை. ஜாஸ்மின், அவர்கள் என்னிடம் என்னையே கேள்வி கேட்டார்கள்.

சொன்னேன். போர்டில் வரைந்தேன். நீங்கள் கட்டுரையில் விட்டுவிட்டதையும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், “இதைக் கண்டுபிடிச்சது நான்தான்” என்றேன். ஒருவர் பேனாவை மூடினார். அந்த அம்மா மட்டும், “எழுத்துல ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறது, வேறொருத்தியிடம் இருக்கிறது என்றேன்.

ஜூலை 11 மாலை ஐந்து மணிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதோடு நான் பொய் சொன்னவள் என்றும் ஆகும்.

அவர்கள் முகவரியைத் தனியாக இணைத்திருக்கிறேன். நேராகவே அனுப்பிவிடு.

தீபலட்சுமி

---

2025 ஜூலை 11, மாலை 4.10

அன்புள்ள ஜாஸ்மின்,

கம்பெனிக் கழிப்பறையில் நின்று எழுதுகிறேன். உள்ளே போன் கூடாது. காலையில் ஒரு கதவில் புள்ளி ஒன்று இருந்தது. தள்ளாமல் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். “இன்னாம்மா, அத்த தடவிக்கினு? தள்ளு!” என்று சூப்பர்வைசர் கத்தினார். தள்ளிவிட்டேன்.

நேற்று அம்மா கேட்டாள், உன் சிநேகிதி கடுதாசி போட்டாளா என்று. போடுவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உனக்கு இப்போது மதியம் பன்னிரண்டு நாற்பது. எதிரில் கணினி திறந்திருக்கும். இந்தக் கடிதம் மேலேயே தெரியும். இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.

அனுப்புடி.

தீபா