பள்ளத்தூருக்கு ஒரு ஏழெழுத்துச் சொல்

12-3-1968, செவ்வாய்க்கிழமை.

பள்ளத்தூர் மைத்துனரிடமிருந்து காலையில் ஒரு கார்டு வந்தது. மகள் கல்யாணத்துக்கு, தாய்மாமனாகிய அவரை நேரில் அழைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்பிய நாள் முதல், நான்கு ஆண்டு ஏழு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.

கார்டில் பி, எச், ஒய் என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே இருந்தன. அது எங்கள் பழைய விளையாட்டு. அவ்வெழுத்துகள் அமைந்த நீண்ட ஆங்கிலச் சொல்லை இருவரும் தேட வேண்டும்; தோற்றவர் பலகாரத்துடன் வென்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். இளமையில் வாரந்தோறும் எங்களில் யாரேனும் ஒருவர் போவது வழக்கம்.

மாலைக்குள் பதினைந்து எழுத்தில் 'பிலாசபிகலி' அகப்பட்டது.

"இன்னமும் எங்க அண்ணனைச் செயிக்கணுமாக்கும்? ஒருவாட்டி தோத்தா குறைஞ்சா போயிருவீக?" என்றாள் மனைவி.

ஏழே எழுத்துள்ள 'பிசிக்ஸ்' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். சீப்புச்சீடைக்கு மாவு அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.