ப்ரைடியோட ஊசியும் அந்த மருந்துக்காரனும்

நவம்பர் 12
செயின்ட் ஜான்ஸ் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தோம். ப்ரைடிக்கு ஒம்பது வயசு, உசரமோ அஞ்சு வயசுப் புள்ளையோடது. தாயில்லாதது, அத்தை நான்தானே பாக்கணும். தெனமும் தூங்குறதுக்கு முன்னாடி வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்தக் குடுக்குறது மட்டும் கெல்லோவேன்னு இன்னொருத்தன். மாத்திரை எண்ணுற பய, பிஷப்பு மாதிரி ஒக்காந்துருக்கான். "மொதல்ல உப்புத்தண்ணி ஊசிய ஒங்க தொடையில போட்டுக் காட்டுங்க, அப்புறம்தான் மருந்து"ங்குறான். என் தம்பி லியோ, ப்ரைடியோட அப்பன், மூஸ் மான அறுத்துக் கூறு போடுறவன், ஊசியப் பாத்ததும் சரிஞ்சுட்டான். ஆம்பளையாம். நான்தான் போட்டுக்கிட்டேன். "பத்து எண்ணிட்டு எடுங்கம்மா"ன்னான். எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்.

டிசம்பர் 2
திங்கக்கெழமையானா கெல்லோவேகிட்டேந்து போன். "மருந்து ஃபிரிட்ஜுல எந்தத் தட்டுல இருக்கு?" வேலையத்தவன். இன்னிக்குப் புதுசா ஒண்ணு: "கரண்ட் போனா ஃபிரிட்ஜத் தொறக்காம விடுங்க. மத்த சாமானோட வெளியில போர்ச்சுல வச்சுடாதீங்க, உறைஞ்சா மருந்து செத்துரும்." பட்டணத்தான் எங்களுக்குக் குளிரு சொல்லித் தர்றான்.

டிசம்பர் 8
மாதா திருநாள். கோயில் வாசல்ல தீர்த்தத் தொட்டி ப்ரைடிக்கு எட்டல. தூக்கப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டா.

ஜனவரி 20
புயலு. நேத்துலேந்து கரண்ட் இல்ல. லியோ எப்பவும்போல ஃபிரிட்ஜக் காலி பண்ணி பாலு, வெண்ணெய், மீனு எல்லாத்தையும் போர்ச்சுல அடுக்கிட்டான். ஊரே அதத்தான் செய்யுது. ஆனா மருந்தையுமா? மருந்து அடைச்ச ஊசிப் பேனா உறைஞ்சு கல்லா கெடக்கு.

"அடுப்புகிட்ட வச்சா எளகிடும்க்கா, போட்டு விடு. அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியாது. புள்ள ஒடம்புக்குமா தெரியாது? மண்டைக்குள்ளயும் உறைஞ்சுதான் கெடக்கு இவனுக்கு.

அடுப்புகிட்ட அவனே வச்சான், எளகிடுச்சு. பாத்தா தெளிவாத்தான் இருக்கு — என்ன செய்ய? ப்ரைடி வந்து நின்னு, "போடு அத்தை, இன்னிக்கு விட்டா நான் இப்படியே நின்னுருவேன்"ங்குறா. கெல்லோவேக்குப் போன் போட்டேன். கிழிச்சுத் தொங்க விடுவான்னு நெனச்சேன்.

"போட்டுட்டீங்களா?"
"இல்ல."
"நல்லது. புள்ளைகிட்டக் குடுங்க."

என்னத்தச் சொன்னானோ. "ரெண்டு நாள் விட்டா ஒண்ணும் ஆகாதாம், அப்பாவத்தான் போர்ச்சுல வைக்கச் சொன்னாரு"ன்னு சிரிக்குறா.

ஜனவரி 22
பனி தள்ளுற வண்டிக்காரன் கையில கெல்லோவே புது மருந்துப் பெட்டி குடுத்தனுப்பியிருக்கான்.

ஜூன் 15
ஞாயித்துக்கெழமப் பூசை. ப்ரைடி எனக்கு முன்னால போயி, குதிகால எக்கி, தீர்த்தத்துல விரல நனைச்சு சிலுவ போட்டுக்கிட்டா. மிச்சத்த என் மூஞ்சியில தெளிச்சா.

நாளைக்குத் திங்கக்கெழமை. அந்தப் பய கூப்புடுவான். நான்தான் போன எடுக்கணும், லியோ எடுத்தா சரியாச் சொல்ல மாட்டான்.