மான்குட்டிக்கு நான் சொன்ன முடிவு

வெள்ளிக்கிழமை. பௌர்ணமிக் கூட்டம் வடிந்து ஊர் காலியாக இருக்கிறது.

பரிமளா எழுதிய சிறுவர் நாவலை நேற்று ஒரே மூச்சில் படித்தேன். கல்லூரித் தோழி. இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியை. நாவலில், மலையடிவாரத்தில் தாய்மானை நாய்கள் கொன்றுவிடுகின்றன. தனித்து நிற்கும் குட்டியை இரண்டு சிறுமிகள் இளநீர் வண்டிக்குள் ஒளித்து, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே வனத்துறை அலுவலகம் வரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். குட்டி பிழைக்கிறது.

நானும் எழுதுகிறவன், மாதாமாதம் அந்தப் பாதையில் நடக்கிறவன். எனக்கு அந்த வண்டி தோன்றவில்லை.

இன்று மாலையில் வேங்கிக்கால் டீக்கடையில் கேட்டாள். "எப்படி இருக்குன்னு சொல்லேன்டா. கிளாஸ்ல படிச்சுக் காட்டினேன். பெல் அடிச்சும் ஒண்ணுகூட எழுந்துக்கல. ராத்திரி பதிப்பகத்துக்கு அனுப்பணும்."

நான் எழுதிய நாவலைப் பாதி படித்து மூடிவைத்தவள் இவள்.

"குட்டி சாகணும்," என்றேன். "பிழைச்சா வெறும் கதை. செத்தாதான் இலக்கியம்."

"பசங்க அழுவாங்களேடா?"

"அழட்டும்."

"நீ எம்.ஏ. முடிச்சவன், சொன்னா சரியாத்தான் இருக்கும். கடைசி அத்தியாயத்த மாத்திட்டே அனுப்பிடறேன்," என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பொறாமையில் சொன்னேன். வீடு வரும்வரை சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்நேரம் மாற்றிக்கொண்டிருப்பாள். போன் செய்து, மாற்றாதே, அப்படியே அனுப்பு என்றால் போதும். போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். உடனே கேட்பாள், "அப்போ நெஜமாவே நல்லா இருக்காடா?" என்று.

ஆமாம் என்று என் வாயால் சொல்ல வேண்டும்.