பின்னால் பார்த்தவன்

மார்ச் 15, 1934

ஆஸ்திரேலியாவில் கோதுமை ஏற்றிப் புறப்பட்டு இருபது நாள். வியாழக்கிழமை, பட்டாணிக் கஞ்சி. பாதி கஞ்சி என் மடியில்.

மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. அலைகள் கப்பலைவிட உயரமாக எழுந்து துரத்துகின்றன. சுக்கான் பிடிப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, மேட் ஹெல்மர், இன்றும் சொன்னார். “பின்னால வர்றது உன் மாமியார்னு நினைச்சுக்கோ, ரூனார். பார்க்காதே, ஓட்டு.” பார்த்தவன் பயந்து கையை விடுவான். கப்பல் குறுக்கே திரும்பிவிடும். அப்புறம் கோதுமையும் நாமும் கடலுக்கு.

மார்ச் 19

எழுத வரவில்லை.

மார்ச் 20

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

நேற்றுக் காலை சுக்கான் என் கையில். துணைக்கு எதிர்ப்பக்கம் வால்ஃப்ரிட், என் தீவுக்காரன், ஒரே படகுத்துறையில் நீச்சல் பழகியவன். முதுகுக்குப் பின்னால் இரைச்சல் திடீரென்று நின்றது. ஏன் நின்றது? திரும்பிப் பார்த்தேன். வானம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது.

கையை விட்டேன். நான்தான் விட்டேன்.

சுக்கான் சக்கரம் சுழன்று வால்ஃப்ரிட்டைத் தூக்கி வீசியது. கப்பல் குறுக்கே விழுந்தது. அலை ஏறிச் சமையலறைக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போனது. தச்சர் அல்கோட்டின் கால் முறிந்தது. எப்படியோ சக்கரத்தைத் திரும்பப் பிடித்துக் கப்பலை நிமிர்த்தினேன். மேட் ஓடிவந்தபோது நான் சுக்கானோடு நிற்கிறேன், வால்ஃப்ரிட் தலையில் ரத்தத்தோடு கிடக்கிறான்.

“யாருடா திரும்பிப் பார்த்தது?”

கீழே கிடந்தவனைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதுவே போதுமாக இருந்தது.

மார்ச் 22

வால்ஃப்ரிட் எழுந்து உட்கார்ந்தான். அன்று காலை நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. “ரூனார், நானாடா பார்த்தேன்? நிஜமாவா?” என்றான்.

“விடுடா, யாருக்கும் வர்றதுதான்” என்றேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். சீ.

மார்ச் 25

வால்ஃப்ரிட்டுக்கு இனிச் சுக்கான் கிடையாதாம். கேப்டன் எக்ப்ளூம் சொல்லிவிட்டார். மரியாஹாம் மாலுமிப் பள்ளிக்கு அவனுக்காக எழுதித் தருவதாகச் சொன்ன கடிதமும் கிடையாது. மூன்று வருடமாக அந்தக் கடிதத்துக்குத்தான் உழைத்தான்.

சமையற்காரனோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். கழுத்தைத் திருப்பியவன் என்று அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். “ஆந்தை, முன்னால பார்த்து உரி, விரல் போயிடும்” என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சத்தமாகவே.

மார்ச் 29

தென் அமெரிக்காவின் தெற்குக் கோடி, ஹார்ன் முனை நெருங்குகிறது. அங்கே என்னையே சுக்கானில் நிறுத்தப்போகிறாராம் கேப்டன். “அன்னிக்குக் கப்பலை நிமிர்த்தினவன் நீதானே” என்றார்.

சக்கரத்தைத் தொட்டாலே முதுகு கூசுகிறது. இன்று இரண்டு முறை திரும்பிப் பார்க்கப் போனேன். என்னை நம்பி இருபத்தாறு பேர். எங்கள் இருவரில் பயமில்லாமல் சுக்கான் பிடிக்கத் தெரிந்தவன் வால்ஃப்ரிட்தான். அவனை நான் கிழங்கு உரிக்க வைத்திருக்கிறேன்.

அல்கோட் படுக்கையிலிருந்து வால்ஃப்ரிட்டைத் திட்டுகிறார். அவன் தலைகுனிந்து அவருக்குக் கஞ்சி ஊட்டுகிறான்.

மார்ச் 31

சொல்லிவிட்டேன். காலை, எல்லோர் முன்னாலும்.

“பன்னிரண்டு நாள்” என்றார் கேப்டன். “பயந்ததுக்கு உன்னை மன்னிச்சிருப்பேன்.”

அடிப்பான் என்று நினைத்தேன், வால்ஃப்ரிட் அடிக்கவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “பன்னிரண்டு நாளா இந்தக் கையை நான் நம்பலடா” என்றான். நேராகச் சுக்கானுக்குப் போனான்.

அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 1

கிழங்கு உரித்தேன். யாரும் பேசவில்லை. இப்போது என்னை ஆந்தை என்று மட்டும் கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 3

ஹார்ன் முனை. ஆலங்கட்டி, பனி, மலை மலையாகத் தண்ணீர். வால்ஃப்ரிட் விடிந்ததிலிருந்து சுக்கானை விடவில்லை. அவனுக்குக் காபி கொண்டுபோகச் சொன்னார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே போய் நின்றேன். அப்போது அவன் தலைக்கு மேலே அது எழுந்தது. அன்று பார்த்ததைவிடப் பெரியது. அவன் பின்னால் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

“பெருசா?”

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

“பெருசுடா. உனக்குக் கொஞ்சம் இடப்பக்கமா வருது. பிடிச்சுக்கோ.”

நான் சொன்னதை நம்பினான். சக்கரத்தை அந்தப் பக்கம் வளைத்து மார்போடு அணைத்துப் பிடித்தான். கப்பலின் பின்புறம் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, பிறகு மெல்ல இறங்கியது. அலை எங்களைக் கடந்து போய்விட்டது.

காபி முழுக்கக் கொட்டியிருந்தது. காலிக் குவளையைப் பார்த்தான்.

“போய் வேற கொண்டா, ஆந்தை” என்றான்.

அந்த ‘பெருசா?’வை விட்டால், மூன்று நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.