பட்டமளிப்பு அன்று அப்பா வெளியே போனது

ராயபுரம்,
சாம்பல் புதனுக்குப் பிந்திய வெள்ளி.

அன்புள்ள ஐரீனுக்கு,

பிலோமி சித்தி எழுதுவது. அந்தக் குளிரில் உன் உடம்பும் மனமும் நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நூலகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன், அதை நலம் என்று எடுத்துக்கொள். அன்று பட்டமளிப்பு மண்டபத்தில் நான் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அப்பா எதற்காக எழுந்து வெளியே போனார் என்பது. அங்கியைக் கூடக் கழற்றாமல் மண்டபத்துப் படியில் நின்று நீ கேட்டாய். உள்ளே ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று அப்பா சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னேன். நீ நம்பவில்லை. அவர் படுத்த படுக்கையான பிறகும் கேட்டாய், கடைசியாகப் போனை அவர் காதோடு வைத்துப் பிடித்திருந்தபோதும் கேட்டாய், நேற்று முன்தினமும் கேட்டாய், நான் சொன்ன சொல்தானே சித்தி அவரை எழுப்பி அனுப்பியது என்று. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை ராயப்பர் கோயிலில் நடந்தது. துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் வந்தார்கள், சிலருக்குப் பூசை நடுவில் எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பிறகு காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம், கடற்காற்றில் ஒன்றும் நிற்கவில்லை, கடைசியில் குமாரவேல் அண்ணன் தன் ஆட்டோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து மறைப்பாக வைத்தார். இந்த வருஷம் நமக்குத் தவக்காலமும் முஸ்லிம்களுக்கு ரமலான் நோன்பும் ஒரே சமயத்தில் வந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஜீனத் அக்கா தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி அனுப்புகிறார், இன்று வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று எனக்காகக் கறி போடாமல் தனியாக ஒரு சட்டியில் காய்ச்சியிருக்கிறார். உங்க வூட்டுக்காரரு இருந்தா ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கினு போவாரு என்று சொல்லிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கும், பேராசிரியர்கள் வரிசையாக உள்ளே வந்தபோது முன்னால் ஒருவர் வெள்ளித் தடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாத்தியம் வாசித்தார்கள், எல்லோரும் எழுந்தோம். அந்தத் தடி எங்கள் வரிசையைக் கடந்தபோது அப்பா நடைபாதை ஓரத்தில் முழந்தாளிட்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கோயிலில் நற்கருணையை ஏந்திப் பவனி வரும்போது செய்வதைப் போலவே. பின்னால் யாரோ சிரித்தார்கள், உன் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரித்தாள். இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த நீ திரும்பி, அப்பா, இது கோயில் இல்லப்பா, எல்லாரும் பாக்கறாங்க என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது, அதற்கு மேல் நீ சொன்னதாக இப்போது நீயே சேர்த்துக்கொண்டு வருகிறாய். அப்பா முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அது உனக்குத் தெரியாது, நீ திரும்பிவிட்டாய்.

ஆளுநர் உரைக்குப் பிறகு அவருக்கு இருமல் வந்தது. மழைக்காலத்திலிருந்தே இருந்த இருமல்தான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உன் பட்டமளிப்புக்கென்று வண்ணாரப்பேட்டையில் வாங்கிய புதுக் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார், திரும்ப எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்தது. மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கப் போனபோது என் தோளில் கைவைத்து அழுத்தினார். பேர் வாசிக்கறப்ப நம்ம ஆளு ஒண்ணு உள்ள இருக்கணும், நீ இரு என்று காதில் சொன்னார். உன் பெயர் வாசிக்கும் நேரத்தில் இருமிவிடுவோமோ என்றுதான் அவர் வெளியே போனார். இருமிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார், ஆனால் ஆளுநர் இருக்கும்வரை கதவு திறக்கமாட்டார்களாம், போனவரைத் திரும்ப விடவில்லை. நீ மேடையிலிருந்து இறங்கும்போது எங்கள் பக்கம் பார்த்தாய். காலி நாற்காலியையும் என்னையும் பார்த்தாய். நான் கை அசைத்தேன். உன் முகம் எப்படிப் போயிற்று என்பதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு படியில் நீ கேட்டபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, மறுநாள் இரவு உனக்கு விமானம், தெரிந்தால் நீ போகமாட்டாய் என்று அப்பா சொல்லியிருந்தார். அது உண்மைதானே.

இதுவரைக்கும்தான் எனக்கே தெரியும். மிச்சத்தைக் குமாரவேல் அண்ணன் கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது சொன்னார். அன்று நம்மை அழைத்துவந்த ஆட்டோவோடு அவர் வெளியேதான் காத்திருந்தார் இல்லையா. அப்பா வந்து மதில் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இருமியதையும் கைக்குட்டையையும் பார்த்துவிட்டு, வா மாமு, நேரா ஆஸ்பத்திரிக்கு உட்டுடறேன் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பா, பேர் வாசிக்கட்டும்டா என்றாராம். மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்ததே, அதில் இயற்பியலில் ஆரம்பித்து ஒவ்வொரு துறையாகப் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. வேதியியல் என்று கேட்டதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ரொம்ப நேரம் உன் பெயர் வரவில்லை, வெயிலோ தலைக்கு மேலே. உக்காரு மாமு, வந்தா சொல்றேன் என்று அண்ணன் சொன்னதற்கு, உக்காந்துகினு கேக்கற பேரா அது என்றாராம். உன் பெயரும் எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றைப் பற்றிய உன் ஆய்வின் தலைப்பும் ஒலிபெருக்கியில் வந்தன. அப்பா அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே நடந்ததை அவர் ஏற்கெனவே அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருந்தாராம், அதனால் அண்ணன், இன்னா மாமு, கொயந்த வேணாம்னு சொல்லியும் மறுபடி போட்டுகினு கீற என்று சீண்டியிருக்கிறார். அதற்கு அப்பா, உள்ளதாண்டா வேணாம்னுச்சு, ரோட்டுக்கு ஒண்ணும் சொல்லல என்றாராம்.

இதைச் சொல்லும்போது அண்ணன் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஐரீன், நான் வேலை பார்ப்பதே புத்தகங்களுக்கு நடுவில். இறந்துபோனவர் சொல்லாமல் விட்ட இடத்தை இருப்பவர்கள் தங்கள் தவறுகளால்தான் நிரப்பிக்கொள்வார்கள் என்று எத்தனையோ கதைகளில் படித்திருக்கிறேன். நீயும் அதைத்தான் செய்கிறாய். நீ சொன்னது அவருக்கு வலிக்கவேயில்லை என்று எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் நீ போன பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார், அந்த வெள்ளித் தடியப் பாத்ததும் முட்டி தானா மடங்கிச்சு, நாப்பது வர்சப் பயக்கம், எம் பொண்ணு சரியாப் புட்ச்சிது என்று. ஒவ்வொரு முறையும் உன் குரலைப் போலவே சொல்லிக் காட்டுவார். மூச்சு வாங்கும், நிறுத்தமாட்டார்.

தலைக்குக் கம்பளித் தொப்பி போடாமல் வெளியே போகாதே. ஆய்வகத்திலேயே பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை மொழி புரியாவிட்டாலும் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வா. ஃபிரிட்ஜில் உன் சேற்று பாட்டில்கள் இரண்டு இன்னும் நெத்திலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன, அப்பா யாரையும் தொட விட்டதில்லை, அவற்றை என்ன செய்வது என்று மறக்காமல் சொல். ஆண்டவர் உன் கூடவே இருப்பார், அப்பாவும் இருப்பார்.

இன்னும் ஒன்று. பட்டமளிப்புக்கு மறுநாள் காலை நீ எழுந்தபோது வீட்டில் நாங்கள் இல்லை, மீன் வாங்கப் போயிருந்ததாகச் சொன்னோம். உண்மையில் கோயிலுக்குத்தான் முதலில் போனோம், உனக்காக நன்றிப் பூசைக்குக் கொடுத்திருந்தார் அப்பா. சாமியார் உன் பெயரை டாக்டர் என்று சேர்த்து வாசித்தபோது, எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் எழுந்து நின்றார். பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே சேரச் சொன்னார்கள், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். வரும் வழியில் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கினோம், மதியம் நீ சாப்பிட்டது அதுதான். இரவு நீ விமானம் ஏறினாய். விடிந்ததும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

உன் சித்தி,
பிலோமி