ஏழு கேசட்டின் முதல் பாட்டு

உ
உத்திரமேரூர்
4.10.2024

மதிப்புக்குரிய ஜான்சன் அண்ணனுக்கு,

வேதகிரியின் மனைவி கனகா வணங்கி எழுதுவது. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றின் உறையில் இந்த விலாசம் கிடைத்தது. நீங்கள் வீடு மாறியிருக்கக் கூடாது என்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் சினேகிதருக்கு ஜூன் பதினெட்டாம் தேதி பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "சின்ன வயசுல மனப்பாடமா பாடின பாட்டை முதல் வரியிலர்ந்து போடுங்கம்மா. சில பேருக்குப் பேச்சு வராது, பாட்டோட வார்த்தை வரும். ஆறு மாசம் தாண்டிட்டா கஷ்டம்" என்றாள்.

அவர் மனப்பாடமாகப் பாடியது அந்த நாலு தாடிக்காரர்களின் இங்கிலீஷ் பாட்டைத்தான். நீங்கள் பதிந்து கொடுத்த ஏழு கேசட்டும் இருக்கின்றன. டேப்பும் ஓடுகிறது. ஆனால் அவருக்கு முழுதாக மனப்பாடமான முதல் பாட்டு ஏழிலும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், எதையும் பிள்ளையாரை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்று, ஒவ்வொன்றின் ஆரம்பத்திலும் நானே பிள்ளையார் பாட்டைப் பாடிப் பதிந்தேன். அடியில் இருந்தது அழிந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. உன் பிள்ளையாரு எறங்கனதும் அவனுங்க ஏறிக்கிறானுங்க" என்று சிரித்தார். அதோடு சரி.

இப்போது கேசட்டைப் போட்டால் என் குரல் வருகிறது. அவர் சுவரைப் பார்க்கிறார். தினமும் எந்தப் பாட்டு, என்ன அசைவு என்று நோட்டில் குறிக்கிறேன். மூன்று வாரமாக 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன்.

கேசட்டின் மேல் உங்கள் கையெழுத்தில் எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த முதல் பாட்டுகள் எவை, அண்ணா? பெயர் எழுதினால் போதும். போனில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும்.

தங்கள் அன்புள்ள,
கனகா


ஓசூர்
17.10.2024

அன்புத் தங்கச்சி கனகாவுக்கு,

ஏழு பாட்டையும் பென் டிரைவில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்தக் குழுவின் விசேஷமே முதல் பாட்டுதான். ஒன்றாம் கேசட்டில் டிரம் குச்சியால் நாலு தட்டு, உடனே எல்லா வாத்தியமும் சேர்ந்து மேலே விழும். மூன்றில் வெகுநேரம் கிடார் மட்டும். பாடுகிறவன் வரவே மாட்டான் போலிருக்கிறது என்று நினைக்கும்போது வருவான். ஐந்தில் வாத்தியமே இல்லாமல் இரண்டு குரல். ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாடுவோம். வேதகிரி மேல்குரல், நான் கீழ்க்குரல்.

ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்று நாலு பொங்கலுக்கு வந்தேனே, அன்று நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். ஐந்தாவதைப் போட்டேன். உங்கள் குரல் வந்தது. ஏழு கேசட்டையும் போட்டுப் பார்த்தேன். மெட்ராஸில் ஒருவர் வீட்டில் ஏழு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்து இசைத்தட்டிலிருந்து பதிந்தவை அவை. "இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?" என்றேன். "நாந்தான்டா அழிச்சேன். அவ குரலைப் புடிச்சி வெச்சிக்கணும்னு தோணிச்சி. உன் பாட்டு போனா போவுது, வுடு" என்றான்.

பேஜாராகி பஸ் ஏறிவிட்டேன். அதன்பின் வரவில்லை. அவன் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை அவன்தான் அழித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷம், தங்கச்சி. எந்த முகத்தோடு வந்து அவன் முன்னால் நிற்பது என்று தெரியவில்லை.

ஜான்சன்


உ
உத்திரமேரூர்
22.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்தேன். பொங்கல் என்று வந்ததும் இடது கையை நீட்டிக் காகிதத்தை மூடினார். விரல்களை விலக்கிவிட்டு மேலே படித்தேன். மறுபடியும் மூடினார். "அண்ணனுக்கு நானே எழுதிட்டேன். நீங்க பழிய ஏத்துக்கிட்டது எனக்கும் தெரிஞ்சிபோச்சி. இன்னும் யாருகிட்ட மறைக்கிறீங்க?" என்றேன். கையை எடுக்கவில்லை.

அன்றைக்கே பாட்டுகளைப் போட்டோம். முதலாவதில் அந்த நாலு தட்டுக்கும் விரல் தட்டியது. மூன்றாவதில் கிடார் போய்க்கொண்டே இருந்தது. குரல் வரவேண்டிய இடத்தில் சரியாக வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஐந்தாவதில் கண்ணை மூடி, மேல்குரலுக்கு முகத்தை நிமிர்த்தினார். அப்போதும் காற்றுதான். இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் இடம் தவறவில்லை. ஒரு நாள்கூடச் சத்தம் வரவில்லை. நோட்டில் இதை 'உண்டு' என்று எழுதுவதா, 'இல்லை' என்று எழுதுவதா என்று தெரியாமல் தேதியை மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

பெருமாள் சன்னதியில் தீர்த்தம் வாங்கிவந்து நாக்கில் விடுகிறேன். என் பேச்சில் பாதியை எடுத்து அவருக்குக் கொடு என்று கேட்கிறேன்.

பதினெட்டாம் தேதியோடு ஆறு மாதம் முடிந்தது. இனி வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாட்டை நிறுத்தவில்லை, அண்ணா. அவர் வாய் திறக்கும் இடம் வரும்போது மட்டும் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன்.

நீங்கள் வாருங்கள். வரும்போது, முன்பெல்லாம் செய்வதுபோலத் தெருவிலிருந்தே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பதில் வராது. நீங்கள் சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவீர்கள். கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறேன். நேராக உள்ளே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கனகா